பாடகன் யாருடைய சொத்து?

மண்ணின் பாடகனுக்கு ஒரு தனி இடர் உண்டு. நகரத்து மேடைப் பாடகனைக் கேட்போர், பிடித்தால் கைதட்டுவர். பிடியாவிட்டால் எழுந்து போவர். தன் ஊரின் வியர்வையையும் கண்ணீரையும் பாட்டாக்குபவனையோ, "இவன் எங்களவன்" என்று மக்கள் உரிமை கொண்டாடுவர். உரிமை கொண்டாடுவோர் கணக்குக் கேட்பதும் இயல்பே. அக்கணக்கு எதுவரை செல்லலாம் என்பதே கேள்வி.

இக்கேள்வியை நாம் இன்று எழுப்பக் காரணம், அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்துப் பாடகர் ரைலர் சில்டர்ஸ் 2025 யூலை 25ஆம் நாள் வெளியிட்ட "ஸ்னைப் ஹன்ரர்" என்னும் இசைத்தொகுதியும், அதனைக் குறித்து அவருடைய இரசிகரிடையே எழுந்த வாதப்பிரதிவாதங்களுமாகும். பாட்டைப் பற்றிய வாதமாகத் தொடங்கியது, ஒரு மக்கட் கூட்டத்துக்கும் அதன் குரலாக விளங்குபவனுக்கும் இடையேயுள்ள உறவைப் பற்றிய வாதமாக வளர்ந்துள்ளது. எனவே அது நமது கவனத்துக்கும் உரியது.

சில்டர்ஸ் 1991இல் கென்ரக்கியின் கிழக்கெல்லையிலுள்ள லோறன்ஸ் மாவட்டத்திற் பிறந்தவர். தந்தையார் நிலக்கரித் தொழிலில் உழைத்தவர். நாடு முழுவதற்கும் கரியைத் தோண்டிக் கொடுத்து, தான் மட்டும் வறுமையிற் கிடந்தது அந்த அப்பலாச்சிய மலைநாடு. அங்குள்ளோரைப் படிப்பற்ற முரடர் என்று எள்ளி நகைப்பது நகரத்தாரின் நெடுநாள் வழக்கம். அம்மலைநாட்டின் சுரங்கத்தையும் தேவாலயத்தையும் குடியையும் காதலையும் அந்நாட்டுப் பேச்சிலேயே பாடியவர் சில்டர்ஸ். 2017இல் வெளிவந்த "பேர்கற்றரி" என்னும் தொகுதி அவர் புகழை நாடெங்கும் பரப்பியது. எள்ளலுக்கு ஆளான மக்கள், தம்மை மனிதராகக் காட்டிய ஒருவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியதில் வியப்பென்ன?

இப்போது புதிய தொகுதி பற்றிய கருத்துக்களைப் பார்ப்போம்.

முதலாவது சாரார் பழைய பாட்டுக்களின் காவலர். "நோஸ் ஒன் த கிரைண்ட்ஸ்ரோன்" என்ற பாட்டைச் சில்டர்ஸ் பல ஆண்டுகளாக மேடையிலே பாடி வந்தார். ஒற்றைக் கிற்றாருடன் பாடிய பதிவு இரசிகர் பலருக்கு மனப்பாடம். தலை நிமிராது உழை, மாத்திரைப் போதையை அணுகாதே என்று ஒரு தந்தை மகனுக்குக் கூறும் அறிவுரை அது. 1996இல் சந்தைக்கு வந்த ஒக்சிகொன்ரின் என்னும் வலிநீக்கி மருந்து அம்மலைநாட்டை நாசமாக்கிய வரலாற்றை அறிந்தோர்க்கு அப்பாட்டின் கனம் விளங்கும். அம்மருந்து அடிமைப்படுத்தும் தன்மையுடையது என்பதை மறைத்து விற்ற குற்றத்தை, அதனை விற்ற கம்பனி 2007இல் நீதிமன்றத்திலே ஒப்புக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளிலே அப்பாட்டு வெறும் பாட்டாக ஒலித்திராது. அதுவே இன்று பக்கவாத்தியங்கள் சூழ வந்திருக்கிறது. "தந்தையின் குரல் வாத்தியங்களுக்குள் அமிழ்ந்து விட்டது" என்பது இவர்கள் குறை.

இக்குறையில் நியாயம் உண்டென்றே நாமும் கருதுகிறோம். தந்தை மகனைத் தனியே அழைத்துச் சொல்லும் சொல்லுக்குப் பெரிய வாத்தியக் கூட்டம் வேண்டியதில்லை. இத்தொகுதியை உருவாக்கும் பொறுப்பை ஏற்ற ரிக் ரூபின், 1994இல் முதுபாடகர் ஜோனி காஷை ஒற்றைக் கிற்றாருடன் பாடவைத்துப் பெயர் பெற்றவர். அந்த எளிமையை இங்கும் எதிர்பார்த்தோர் ஏமாந்ததிற் பிழையில்லை. பாட்டைக் காதாற் கேட்டுக் குறை கூறுபவன் பாடகனுக்குப் பகைவன் அல்லன்.

இரண்டாவது சாரார், "இது என்ன விளையாட்டு?" என்று முகஞ்சுளிப்போர். தனக்கு விசர்நோய் கண்டால் யாரை முதலிற் கடிப்பேன் என்று ஒரு பாட்டு! அவுஸ்திரேலியாவின் விலங்குகளைப் பற்றி இன்னொரு பாட்டு! ஆனால் வயலிலும் சுரங்கத்திலும் உழைப்போரின் பேச்சை அறிந்தவர்கள், அவர்களுடைய பகிடியையும் அறிவர். துன்பத்தை மட்டும் பாடுவதே மக்கட் பாட்டு என்று எண்ணுவோர், மக்களைத் தூரத்தில் நின்று பார்ப்பவர்களே.

மூன்றாவது சாராரின் குறையே ஆழமானது. "இவர் நம்மை விட்டுப் போய்விட்டார்" என்கின்றனர் அவர்கள். பப்ரிஸ்த சபையொன்றிலே வளர்ந்த இவர், இத்தொகுதியிலே "தீர்த்த யாத்திரை" என்றே பெயரிட்டு ஒரு பாட்டுப் பாடியுள்ளார். நமக்கு உரை வேண்டாத அச்சொல்லை ஒரு கென்ரக்கிக்காரர் தம் மலைநாட்டு உச்சரிப்பிற் சொல்லி, குருக்ஷேத்திரத்தை நினைந்து ஏங்குகிறார். அங்குள்ள சிலருக்கு இது புதுமை, சிலருக்குத் துரோகம்.

இக்கசப்பு இன்று முளைத்ததன்று. 2020 செப்டெம்பரில் அவர் வெளியிட்ட "லோங் வயலன்ற் ஹிஸ்ரறி" என்ற தொகுதி பெரும்பாலும் பழைய பிடில் இசை. இறுதியில் மட்டும் அவர் இயற்றிய ஒரு பாட்டு. கறுப்பின மக்கள் பொலிசாரின் கையில் மாள்வதைப் பற்றியது அது. அவ்வாண்டு மார்ச்சிலே அவருடைய மாநிலத்து லூயிவில் நகரிலேதான் பிரியோனா ரெய்லர் என்ற கறுப்பின இளம்பெண் தன் வீட்டினுள் பொலிசாராற் சுடப்பட்டு மாண்டாள். அத்தொகுதியோடு வெளியிட்ட உரையொன்றிலே சில்டர்ஸ் தம் மலைநாட்டு வெள்ளையரை நோக்கிப் பேசினார். நம்மவர் நாள்தோறும் இவ்வாறு கொல்லப்பட்டால் நாம் வாளாவிருப்போமா என்று கேட்டு, பிளேயர் மலைப் போரை அவர்களுக்கு நினைவூட்டினார். 1921இலே மேற்கு வேர்ஜீனியாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர் தம் சங்க உரிமைக்காக ஆயுதம் ஏந்திய போர் அது. பின்னர் 2023இல், சுரங்கத்திலே உழைக்கும் இரு ஆடவரின் காதலைக் காட்டும் படக்காட்சியுடன் ஒரு பாட்டை வெளியிட்டார். அப்போதும் "இனி உம்மைக் கேளோம்" என்றோர் உண்டு.

இவர்களுக்கு நாம் கூறுவது இது. சில்டர்ஸ் உங்களை விட்டுப் போகவில்லை. போக விரும்பியிருந்தால் வழி எளிதாகவே இருந்தது. 2018இல் "அமெரிக்கானா" இசைக்கான சங்கம் அவருக்கு விருது வழங்கியபோது, தாம் "கன்ட்ரி" இசைப் பாடகரே என்று அம்மேடையிலேயே கூறி, நகரத்தார் நாகரிகமாகச் சூட்டிய பெயரை மறுத்தவர் அவர். 2020இலும் அவர் நகரத்தாரை நோக்கி, "என் மக்கள் மூடர், நான் அவர்களைப் போல அல்லன்" என்று கூறவில்லை. தம் மக்களை நோக்கி, "நீங்கள் பட்ட துன்பமே பிறர் துன்பத்தை உங்களுக்கு விளக்கவேண்டும்" என்றார். முன்னது பிரிந்து போகிறவனின் பேச்சு. பின்னது வீட்டுக்குள் இருந்துகொண்டு உடன்பிறந்தானைக் கடிந்துகொள்பவனின் பேச்சு. இவ்விரண்டையும் பிரித்தறியாத கூட்டம், தனக்காகப் பேச வல்லவர்களை ஒவ்வொருவராக இழக்கும்.

அவரை வேறொரு விதமாகப் புகழ்வோரும் உளர். "அந்த மலைநாட்டாரிடையே இப்படி ஒருவரா!" என்று வியப்பவர்கள் அவர்கள். அவரைப் புகழ்வது போல அவர் மக்களை இகழும் இப்புகழ்ச்சி, மூன்றாவது சாராரின் வசையினும் கொடிது.

"எமது இசையிலே அந்நியம் புகலாமா?" என்று கேட்போர்க்கும் ஒரு சொல். அம்மலைநாட்டிலே ஒலிக்கும் பிடில் கடல் கடந்து ஐரோப்பாவிலிருந்து வந்தது. பான்ஜோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் கைவழி வந்தது. இன்று "எங்களது" என்று காக்கப்படும் ஒலி, ஒரு காலத்தில் இருவேறு அந்நியங்கள் கூடிப் பிறந்ததே. விதைநெல்லைப் பெட்டியிலே பூட்டி வைப்பவன் அதனைக் காப்பவன் அல்லன் என்பதை உழவர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆயின், இரசிகனுக்கு உரிமையே இல்லையா? உண்டு. "உண்மையாகப் பாடுகிறாயா?" என்று கேட்க அவனுக்கு முழு உரிமை உண்டு. பாட்டு நலிந்தால் நலிந்தது என்று சொல்லவும் உரிமை உண்டு. "நான் விரும்பியதை மட்டுமே பாடு" என்று கட்டளையிட உரிமை இல்லை.

"ஸ்னைப் ஹன்ரர்" என்றால் உள்ளான் வேட்டைக்காரன். அமெரிக்க நாட்டுப்புறத்திலே புதியவன் ஒருவன் கையில் சாக்கைக் கொடுத்து, "இதோ உள்ளான் வரும், பிடி" என்று இரவிலே காட்டுக்குள் நிறுத்திவிட்டு மற்றவர்கள் வீடு திரும்பிவிடுவர். அது ஒரு குறும்பு. பறவை வராது, அவன் மட்டும் விடியும்வரை காத்து நிற்பான். 2017இன் சில்டர்ஸ் மீண்டும் வருவார் என்று காத்து நிற்கும் இரசிகர்களும் அந்நிலையிலேயே உள்ளனர். அவர்கள் சாக்கைக் கீழே போட்டுவிட்டு, இன்று பாடுகின்றவரை ஒருமுறை பொறுமையாகக் கேட்பார்களாக. கேட்டபின் குறை கூறட்டும். அதனை அவரும் மறுக்கமாட்டார் என்றே நாம் நம்புகிறோம்.