இரண்டு வருஷம் வீணா?

சென்ற வாரம் எங்கள் அடுத்த வீட்டில் ஒரு பெரும் கலவரம் உண்டாயிற்று. திருடன் வரவில்லை, தீப்பிடிக்கவும் இல்லை. கணிதத்தில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் வாசிக்கும் அந்த வீட்டுப் பெண், அப்படிப்பை விட்டுவிட்டு நர்ஸிங் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்!

தகப்பனார் என்னிடம் வந்து முறையிட்டார். "இரண்டு வருஷத்துப் பணமும் காலமும் ஆற்றில் கரைத்த புளியாய்ப் போகிறதே, ஸார்! அதிலும் நர்ஸ் வேலையா?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருந்தது. போன ஐப்பசியில் இவருடைய தாயார் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அந்த நர்ஸ் அம்மாள் தெய்வம்!" என்று தெருவெங்கும் சொல்லி வந்தவர் இவரேதான். தெய்வம் அயல் வீட்டில் பிறக்கலாம்; நம் வீட்டில் மட்டும் பிறக்கக் கூடாது போலும்!

இந்த வழக்கு புதிதன்று. 1820-ல் ஆங்கிலச் செல்வக் குடும்பமொன்றில் பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் வீட்டாரின் எதிர்ப்பை வருஷக் கணக்கில் சகித்தவரே. 1851-ல் ஜெர்மனிக்குச் சென்று அவர் பயிற்சி பெற்றபோது அவருக்கு வயது 31. அவரும் கணிதப் பிரியர்தான். கிரிமிய யுத்தத்தில் காயத்தைவிட நோயினாலேயே சிப்பாய்கள் அதிகமாக மாண்டார்கள் என்பதை, 1858-ல் அவர் வட்டப் படமாக வரைந்து உலகத்துக்குக் காட்டினார்.

ஆகையால் கணக்கு வீண் போகாது. ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயின் வழியே 500 மில்லி லிட்டர் ஸலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? ஏறக்குறைய 42. பரீட்சைத் தாளில் இக்கணக்குத் தவறினால் மார்க்குப் போகும். கட்டிலருகே தவறினால் ஆபத்து வரும்.

ஆனால் தகப்பனாரின் கவலையிலும் நியாயம் உண்டு. பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருஷப் படிப்பு. அதை முதல் வருஷத்திலிருந்தே தொடங்க வேண்டும்; கணிதத்தில் கழிந்த இரண்டு வருஷத்துக்குச் சலுகை கிடையாது. மேல்நிலை வகுப்பில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றும் படித்திருக்கவும் வேண்டும். நல்ல வேளையாக இப்பெண் படித்திருந்தாள்.

அவளையே கூப்பிட்டு, "ஏனம்மா இந்த எண்ணம்?" என்று கேட்டேன்.

"பாட்டியோடு ஆஸ்பத்திரியில் ஒன்பது இரவு இருந்தேன், மாமா. மூன்றாம் நாள் அந்த நர்ஸ் பாட்டியின் முதுகில் சிறு சிவப்புத் தழும்பைக் கண்டார். அன்று முதல் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தார். எனக்கும் அதைக் கற்பித்தார். படுக்கைப் புண் வரவே இல்லை. அதற்குப் பிறகு கலாசாலையில் என் மனம் பொருந்தவில்லை" என்றாள்.

இது நன்றியின் வேகமாக இருக்குமோ என்று எனக்கும் முதலில் சந்தேகந்தான். ஆனால் ஒன்பது இரவும் மலம் எடுத்தவள் அவள். கண் விழித்தவள் அவள். வெள்ளுடையை மட்டும் பார்த்து மயங்கியவள் அல்ல. இந்த வேலைக்கு வர விரும்பும் எப்பெண்ணும், எந்தப் பிள்ளையும், முதலில் இப்படிச் சில இரவுகள் விழித்துப் பார்ப்பது நல்லது. அதன் பிறகும் ஆசை மிஞ்சினால் அதைத் தடுப்பது பாவம்.

தகப்பனாரிடம் ஒன்றே சொன்னேன்: "கழிந்த இரண்டு வருஷத்தைக் காப்பாற்றுவதற்காக, வரப்போகும் நாற்பது வருஷத்தைத் தத்தம் செய்வது எந்தக் கணக்கு, ஸார்?"

அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் உள்ளே படுத்திருந்த பாட்டியம்மாள் பதில் சொன்னாள்: "அந்தக் குழந்தை புரட்டினால் எனக்கு வலிப்பதில்லையடா!"