ஐசியு வாசலில் அம்மாவுக்கு இடமில்லை

ஐசியுவிலிருந்து வெளியே வரும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்கீங்க?" உள்ளே கிடப்பவரோடு ஐம்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் டாக்டருக்கு எதிரிலேயே நிற்கிறாள். கையில் ஃபிளாஸ்க், தோளில் மடித்துப் போட்ட துண்டு. டாக்டரின் கண் அவளைத் தாண்டி மூத்த மகனைத் தேடுகிறது. மகனும் முன்னால் வந்து, "நீ அந்தப் பக்கம் உட்காரும்மா, நாங்க பேசிக்கிறோம்" என்கிறான். மருமகன், சித்தப்பா பையன், துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் இளைய மகன், எல்லோரும் கூடி ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கிறார்கள். டியூப் போடலாம். வெண்டிலேட்டர் வைக்கலாம். பணத்தைப் பற்றி யோசிக்காதீங்க டாக்டர், என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அம்மாவுக்கு வந்து சேரும் செய்தி ஒரே வரி: "பார்த்துக்கிறாங்க, சரியாயிடும்."

இதில் கெட்டவன் என்று யாரையும் கைகாட்ட முடியாது. அந்த மூத்த மகன் நாம்தான். அந்த டாக்டரும் நம் வீட்டுப் பிள்ளைதான். பெற்றவர்களைத் தெருவில் விட்டவர்களைக் கேட்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. நான் சொல்வது லீவு போட்ட, நகைக்கடன் வாங்கிய, ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்த பிள்ளைகளை. எல்லாம் செய்தோம். சாகப்போகிறவரையும் அவரோடு வாழ்ந்தவளையும் ஒரு வார்த்தை கேட்க மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

முதல் பொய்யை பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்றே சொல்லிவிடுகிறோம். "ஒண்ணுமில்லப்பா, சின்ன கட்டி, கரைச்சிடலாம்." அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவங்க தாங்க மாட்டாங்களாம். பிறந்த குழந்தையைப் பறிகொடுத்ததையும், சீட்டுப் பணம் முழுகியதையும், படுக்கையில் கிடந்த மாமியாருக்கு வருடக்கணக்கில் துணி துவைத்ததையும் தாங்கியவள் இதைத் தாங்க மாட்டாள் என்று நாம் முடிவு கட்டினோம். அப்பாவோ தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் ஃபைல் பார்த்தவர். புற்றுநோய் மருத்துவமனை என்று வாசலில் ஆளுயரத்துக்கு எழுதியிருப்பது அவர் கண்ணில் படாது என்ற நம்பிக்கையில் அவரைக் கீமோவுக்கு அழைத்துப் போகிறோம். அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பிள்ளைகள் வருத்தப்படக் கூடாதே என்று இருவரும் ஒருவர் முன் ஒருவர் நடிக்கிறார்கள். யாருக்குக் கடன் பாக்கி, தனக்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளை வீட்டில் இருப்பாள், இல்லை தனியாகவே இருப்பாளா என்றெல்லாம் பேசிக்கொள்ள இருந்த கடைசி மாதங்கள் "மாத்திரை போட்டாச்சா", "கஞ்சி குடிச்சீங்களா" என்றே போய்விடுகின்றன.

அதற்கும் முன்பே நாம் தொடங்கிவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா பெரியவன் வீட்டில், அம்மா சின்னவள் வீட்டில், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வசதியாக. சொத்தைப் பிரித்த மாதிரியே அவர்களையும் பிரித்தோம். வயதான காலத்தில் புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருக்க ஆசைப்படுவார்கள் என்று சொன்னால் சிரிக்கிற ஊர் இது.

கஞ்சிக்கு வருகிறேன். உடம்பு ஓயும்போது பசி நின்றுவிடும். விழுங்கும் சக்தியும் போய்விடும். வற்புறுத்தி ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கி மூச்சு முட்டும். அந்த நாட்களில் தேவைப்படுவது ஈரப் பஞ்சால் உதட்டை நனைப்பதும், வாயைச் சுத்தமாக வைப்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும்தான். இதை ஒரு நர்ஸ் பத்து நிமிடத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கச் சோற்றாலேயே தன் பிரியத்தைச் சொல்லிவந்தவள், கிண்ணத்தோடு உட்கார்ந்து, "என்னங்க, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுகிறாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் நாத்தனார், "நீ குடுக்கிற விதமா குடுத்தா குடிப்பாரு" என்கிறாள். எத்தனையோ வருடம் கழித்தும், "ரெண்டு வாய் உள்ளே போயிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். சாப்பிடாததால் அவர் போகவில்லை, போகிற நேரம் வந்ததால்தான் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இல்லாமல் போனது நம் குற்றம்.

பிறகு ஒரு நாள் பணம் தீர்ந்தோ நம்பிக்கை தீர்ந்தோ அந்தப் பேச்சு வருகிறது. "நீங்க வேணும்னா எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." மருத்துவர் ஆலோசனையை மீறி அழைத்துப்போகிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்து. நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் கடைசிக் கட்டத்தில் எடுக்கும் முடிவு இந்தத் தாள்தான். மீறல் என்று எழுதியிருப்பதால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று மருத்துவமனை சொல்லித் தருவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் வலிக்கு ஒரு மாத்திரை இருக்காது. மூச்சு இரைத்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இருக்காது. கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டு, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று நேரம் பார்க்கிறார்கள். ராத்திரி முழுக்க அவர் அனத்துவதைக் கேட்டபடி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். கையெழுத்துப் போட்ட நாம் வாசலில் பந்தல்காரருக்கு போன் செய்துகொண்டிருக்கிறோம்.

அந்த அனத்தலுக்கு மருந்து இருக்கிறது. மார்ஃபின் மாத்திரை விலை உயர்ந்ததல்ல. டாக்டர் அளவு சொன்னால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம், மலச்சிக்கல் வராமலிருக்கக் கூடவே ஒரு பேதி மருந்து. கடைசி நேர மூச்சுத்திணறலையும் அது தணிக்கும். 1985-இன் போதைப் பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்காமலே பல வருடம் போயின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி உரிம நடைமுறையை எளிதாக்கியும் நம் பயம் திருந்தவில்லை. "அது குடுத்தா சீக்கிரம் போயிடுவாராமே" என்று அரைகுறையாகக் கேட்டுவிட்டு, வலியோடு அவரை வைத்திருந்தோம். பக்கத்துக் கேரளத்தின் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புச் சேவை ஊர் ஊராகப் பரவி, அக்கம்பக்கத்து ஆட்களே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குப் போகும் ஏற்பாடாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு அதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. நம்மிடமும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சை தரும் பிரிவு இருக்கிறது. பி.பி. மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்து வைத்திருக்கும் நமக்கு, இது தெரியாது. கேட்டவர்களும் குறைவு. கேட்டிருந்தால் வேண்டிய ஆட்களையும் மருந்தையும் அரசு அனுப்பியாக வேண்டும் என்று சண்டை போட்டிருப்போம்.

சட்டமும் நாம் சாக்குச் சொல்ல இடம் வைக்கவில்லை. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றது. மீள வழியில்லாத நிலையில் எனக்கு என்னென்ன செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. அன்றைக்கு மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை, யாராலும் முடியாத காரியம் என்று கண்டு, 2023 ஜனவரியில் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ போதும். தன்னால் சொல்ல முடியாதபோது யார் தன் சார்பில் பேசுவது என்றும் அதில் பெயர் குறிக்கலாம். மருத்துவமனையில் இரண்டு மருத்துவர் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் கருவியை நிறுத்தலாம். நினைவு தெளிவாக இருப்பவர் தனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று தானே சொல்லவும் உரிமை உண்டு. சொத்துக்கு உயில் எழுத அப்பாவைச் சார்பதிவாளர் ஆபீசுக்கு அழைத்துப்போன நாம், இந்தப் பேச்சை எடுத்தால் "அபசகுனமா பேசாதே" என்று வாயை மூடவைத்தோம்.

2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் டிரீஸ் வான் அக்தும் அவர் மனைவியும், இருவருக்கும் 93 வயது, அந்நாட்டுச் சட்டப்படி ஒரே நேரத்தில் கைகோத்துக் கருணைக்கொலையை ஏற்றார்கள் என்ற செய்தி நம் பத்திரிகைகளிலும் வந்தது. அது சரியா தப்பா என்று டீக்கடை வரைக்கும் பேசினோம். இந்தியாவில் அதற்குச் சட்டம் இடம் தரவில்லை. தர வேண்டும் என்று நான் வாதாடவும் வரவில்லை. அந்தத் தம்பதியை யாரோ உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் பொறாமையாக இருந்தது. தென்மாவட்டங்களில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து அனுப்பிய தலைக்கூத்தலைப் பற்றிப் படித்து நாம் அருவருத்தோம். விரும்பாதவருக்கு மாதக்கணக்கில் டியூப் போட்டு வைத்ததைப் பாசம் என்றோம். இரண்டு கட்டிலிலும் கிடந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

படுத்தவள் அம்மாவாக இருந்தால் கணக்கே வேறு. "வயசாச்சு, எதுக்கு அவங்களைச் சிரமப்படுத்தணும்" என்ற ஞானம் அப்பாவுக்கு வராமல் அம்மாவுக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிடுகிறது. சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத அந்தக் கிழவர், மலப்பையை மாற்றக் கற்றுக்கொள்கிறேன் என்று முன்வந்தால், "உங்களுக்கு எதுக்குப்பா" என்று ஹோம் நர்ஸ் போட்டு அவரை வராந்தாவுக்கு அனுப்பினோம். அவர் கையால் செய்ய விரும்பிய ஒரே வேலை அதுவாக இருந்திருக்கும்.

அப்பா போய்விட்டால், ஆஸ்பத்திரி வாசலில் இடம் கொடுக்காத அம்மாவுக்குப் பத்தாம் நாள் மட்டும் நடு வீட்டில் இடம் கொடுக்கிறோம். பூவும் வளையலும் நிறையப் போட்டு, எல்லோரும் பார்க்க எடுக்கிறோம். அதற்கு நேரம் குறித்து, ஆள் சொல்லி, சேலை எடுத்து, ஒரு குறை வைப்பதில்லை.

உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய தம்பதி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள். உடம்பு தேறாது என்று தெரிந்தால் உண்மையைச் சொல்லட்டுமா? ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா? உங்களால் பேச முடியாமல் போனால் யார் பேசட்டும்? முதலில் திட்டுவார்கள். பிறகு, எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலும் அவர்களிடம் பதில் தயாராகவே இருக்கிறது. அதை எழுதி இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் கொண்டுபோங்கள். ஐசியுவில் ஒரு நாளைக்கு நாம் கட்டும் பணத்தில் அதற்கு ஆகும் செலவு ஒரு மூலைக்குக் காணாது.