வாடகை வீடு வாங்கும் கணக்கில் நாம் மறப்பவை

கத்தாரில் பத்து வருடங்கள் உழைத்துத் திரும்பிய மருமகன் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். "மாமா, தெஹிவளையில் ஒரு தொடர்மாடி வீடு பார்த்திருக்கிறேன். 3 கோடி. என்னிடம் 1 கோடி இருக்கிறது, மீதியை இஸ்லாமிய நிதிப் பிரிவில் எடுக்கலாம். வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்றார்.

நமது சமூகத்தில் இந்தக் கடைசி வசனத்தைக் கேட்காத வீடு குறைவு. வட்டிக்குப் பணம் போட விருப்பமில்லாதவர்களுக்கு வீடும் கடையும்தான் கண்ணுக்குத் தெரியும் ஹலாலான வழி. அதில் தவறில்லை. கணக்குத்தான் இடிக்கிறது.

இருவருமாகக் கணக்குப் போட்டோம். அந்த வீட்டுக்கு மாதம் 1 இலட்சம் ரூபா வாடகை வருமாம். வருடத்துக்கு 12 இலட்சம், அதாவது விலையில் 4%. ஒரு மாதம் ஆளில்லாமல் கிடக்கும் என்று வைப்போம். தொடர்மாடிப் பராமரிப்புக் கட்டணம், மாநகர சபை வரி, குழாய், பெயின்ட் எல்லாம் கழித்தால் 9 இலட்சம் மிஞ்சினால் பெரிய விஷயம். வருமான வரி வேறு. வாடகை மாதம் 1 இலட்சத்தைத் தாண்டினால் 10% முற்கூட்டியே கழிக்கும் ஏற்பாடும் 2023 ஜனவரி முதல் இருக்கிறது.

மறுபக்கம் நிறுவனத்தின் 2 கோடி. குறைந்துசெல்லும் முஷாரகாவில் நிறுவனமும் நாமும் சேர்ந்து வீட்டை வாங்குகிறோம். அவர்களது பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்தப் பங்கையும் சிறிது சிறிதாக வாங்குகிறோம். அந்த வாடகை 12% என்று வைத்தால் முதல் வருடம் மட்டும் சுமார் 24 இலட்சம். வருவது 9, போவது 24. மாதம் 1¼ இலட்சம் சொந்தப் பையிலிருந்து போக வேண்டும். பங்கை வாங்கும் பணம் இதில் சேரவில்லை.

மருமகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டு விலை ஏறுமே மாமா" என்றார். ஏறலாம். ஆனால் அப்போது நாம் செய்வது வாடகை வருமானத்துக்கான முதலீடல்ல, விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பில் செய்யும் வியாபாரம். மாதாமாதம் நட்டத்தைத் தாங்கக்கூடிய சம்பளம் உள்ளவருக்கே அது பொருந்தும்.

இன்னொரு விடயம், வட்டியில்லாத ஒப்பந்தம் என்றால் ஆபத்தில்லாத ஒப்பந்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பல ஒப்பந்தங்களில் நிறுவனத்தின் பங்குக்கான வாடகை குறித்த காலத்துக்கொருமுறை சந்தை வீதத்தைப் பார்த்து மீளாய்வு செய்யப்படுகிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது நினைவிருக்கும். எனது நண்பர் ஒருவரின் தவணை அந்த வருடத்துக்குள் ஏறத்தாழ இரட்டிப்பானது. குடியிருந்தவரோ தொழிலிழந்து, வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மனைவியின் நகைகளை விற்றுத்தான் நண்பர் வீட்டைக் காப்பாற்றினார். ஒப்பந்தத்தில் மீளாய்வு பற்றி எழுதியே இருந்தது. அவர் வாசிக்கவில்லை, யாரும் விளக்கவுமில்லை. இப்போது வீதங்கள் இறங்கியிருக்கின்றன என்பதால் அந்த வரி ஒப்பந்தத்திலிருந்து மறைந்துவிடவில்லை.

முற்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வருட, இரண்டு வருட அட்வான்ஸை வாங்கி அதையே வீட்டின் முதல் கொடுப்பனவில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். குடியிருப்பவர் எழும்பும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அது. அடுத்த ஆள் வரும்வரை அவரை அலையவைப்பதை நான் நமது ஊர்களிலேயே பார்த்திருக்கிறேன். தொழுகையில் முன்வரிசையில் நிற்பவர்களும் அதில் அடக்கம்.

மருமகன் இன்னும் வீட்டை வாங்கவில்லை. வாடகை மீளாய்வுக்கு உச்சவரம்பு உண்டா, இடையில் விற்க நேர்ந்தால் நட்டத்தில் நிறுவனம் தனது பங்கை ஏற்குமா என்று இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டிருக்கிறார். முதலாவதற்குப் பதில் வந்துவிட்டது, இல்லை என்று. இரண்டாவதற்குக் காத்திருக்கிறார்.