படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் சென்னையிலுள்ள மாமா, அம்மாவின் செல்பேசிக்குச் சில புகைப்படங்களை அனுப்பியிருந்தார். 1968-ஆம் ஆண்டு வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பின்போது எடுத்த படங்கள் அவை. கையில் நாதஸ்வரத்துடன் சிவாஜி கணேசன், ஆடை அணிகலன்களுடன் பத்மினி, சுற்றிலும் விளக்குகளும் ஆட்களும்! அடுப்படியில் இருந்த அப்பத்தாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தவர், படத்தைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஏத்தா, சிக்கலாரு சும்மா நின்னு சிரிச்சுக்கிட்டிருக்காரு பாரு!" என்றார். பாவாடை கட்டிய வயதில் காரைக்குடியில் பார்த்த படம். அன்று மாலைக்குள் அந்தப் படங்களை அவர் பத்து தடவையாவது வாங்கி வாங்கிப் பார்த்திருப்பார்.

பள்ளி திறந்ததும் இதை என் தோழியிடம் சொன்னேன். அவளுக்கு இந்த விஷயம் பிடிக்கவேயில்லை. "அப்படியானால் எல்லாம் பொய்தானே? சண்முகசுந்தரமும் மோகனாவும் ஒருவரை ஒருவர் பார்த்து உருகும்போது, எதிரே பத்துப் பேர் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்களே! இனி அந்தப் படத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று வருத்தப்பட்டாள். நன்னெறி வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தபோது சகோதரி சிரித்துக்கொண்டே, "திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் மயக்கம் தெளியும். அது நல்லதுதானே?" என்றார்கள்.

தோழி வருந்தினாள், சகோதரி மகிழ்ந்தார்கள். ஆனால், பின்னணியைப் பார்த்துவிட்டால் படத்தின் மீதுள்ள ஆசை குறைந்துவிடும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரியாதையுடன் மறுக்கிறேன்.

டிசம்பர் மாதம் நம் பள்ளியில் குடில் கட்டியதை நினைத்துப் பாருங்கள். சாக்குத் துணியைச் செம்மண் கரைசலில் தோய்த்து மலை செய்தோம். பசை காய்ச்சியது சகோதரிதான். வைக்கோல் எங்கள் வீட்டுப் படப்பிலிருந்து வந்தது. ஓர் ஆட்டுக்குட்டியின் கால் ஒடிந்துபோக, தீக்குச்சியை வைத்து ஒட்டியவள் நான். நான் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண். ஆயினும் அன்றிரவு மெழுகுவத்திகளை ஏற்றி, எல்லோரும் பாடத் தொடங்கியபோது என் முழங்கால்கள் தாமாகவே மடங்கின. தீக்குச்சிக் காலை நான் மறந்துவிடவில்லை. அது தெரிந்தும்தான் மடங்கின. சொல்லப் போனால், அந்தக் குடில் மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொந்தம் என்று நினைத்தேன்.

அப்பத்தாவும் அப்படித்தான். படப்பிடிப்புப் படங்களைப் பார்த்த அன்று இரவே, "அந்தப் படத்தைப் போடு" என்று கேட்டு, முழுவதையும் உட்கார்ந்து பார்த்தார்.

பார்க்காத தோழியருக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்கிறேன். சிக்கல் சண்முகசுந்தரம் என்னும் நாதஸ்வர வித்துவானுக்கும், மோகனாம்பாள் என்னும் நாட்டியப் பெண்ணுக்கும் ஏற்படும் போட்டியும் காதலும்தான் கதை. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதியது. கோபுலு சித்திரம் வரைந்தார். ஏ. பி. நாகராஜன் அதைத் திரைப்படமாக்கினார். கே. வி. மகாதேவன் இசை. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. பாலையாவின் தவிலையும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியையும் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

இந்தப் படத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. லூயி மால் என்ற பிரெஞ்சு இயக்குநர் 1968-இல் இந்தியா முழுவதும் சுற்றி ஒரு நீண்ட ஆவணப்படம் எடுத்தார். சென்னைக்கு வந்தபோது 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பையும் தம் கேமராவில் பதிவு செய்துகொண்டார். அந்த ஆவணப்படத்தின் வேறு பகுதிகளுக்கு நம் நாட்டில் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. அது வேறு கதை. ஆனால் அந்தச் சில நிமிடங்களை இன்றைக்கும் சிவாஜி ரசிகர்கள் புதையலைப் போல ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்கிறார்கள்.

அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் என்ன? மாய வித்தையின் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்பதாலா? இல்லை. ஒரு காட்சிக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. நம் திரைப்படங்களில் பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்துகொள்வார்கள். பிறகு படப்பிடிப்புத் தளத்தில் அதை ஒலிக்கவிட்டு, அதற்குப் பொருந்த நடிகர்கள் உதட்டையோ விரலையோ அசைக்க வேண்டும். ஒரு துண்டை எடுத்து நிறுத்தி, விளக்குகளை மாற்றி, மறுபடி தொடங்க வேண்டும். வண்ணப் படச்சுருளுக்கு அக்காலத்தில் ஏராளமான வெளிச்சம் தேவைப்பட்டது. அந்த விளக்குகளின் சூட்டில், பட்டும் நகையும் பூட்டிக்கொண்டு, முதல் தடவை ஆடியதைப் போலவே மறுபடியும் முகம் மலர ஆட வேண்டுமே! நாம் ஆண்டு விழாக் கோலாட்டத்துக்கு மூன்றாவது தடவை ஒத்திகை பார்க்கச் சொன்னதற்கே முணுமுணுத்தவர்கள்.

ஆகவே, பின்னணிப் படங்களைப் பார்த்து மகிழும் ரசிகர்களின் கட்சிதான் நானும். ஆனால் அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்தக் குறையை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் வேறொருவர்.

எங்கள் சாக்கோட்டையில் திருவிழாக்களிலும் கலியாணங்களிலும் நாதஸ்வரம் வாசித்து, இப்போது வயதாகி ஓய்ந்துவிட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். அப்பத்தாவின் சொற்படி அவரிடம் அந்தப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா, படங்களை விரலால் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். பத்மினி பக்கம் அவர் கண் போகவே இல்லை. "சீவாளியை வாயில வச்சிருக்கிற பாங்கைப் பாரு. விரலும் அந்தந்த இடத்துல நிக்குது. வாசிக்கத் தெரியாதவரு இப்படிப் பிடிக்கிறது சாமானியம் இல்ல ஆத்தா" என்று மெச்சினார். பிறகு, "சரி, வாசிச்ச அண்ணன் தம்பி எங்கே?" என்று கேட்டார்.

அப்படத்தில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், எம். பி. என். பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் சிவாஜியும் ஏ. வி. எம். ராஜனும் வாசிப்பதாக நாம் கேட்பதெல்லாம் அவர்களுடைய மூச்சு. நான் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மாமா அனுப்பியவற்றில் அவர்கள் இல்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டே பெயர்கள்தாம் எழுதியிருந்தன.

தாத்தா கோபப்படவில்லை. "என் ஆயுசுல ஆயிரம் கலியாணம் வாசிச்சிருப்பேன். கெட்டிமேளம் கொட்டாம எந்தத் தாலி ஏறுச்சு? ஆனா ஒரு கலியாண ஆல்பத்துலயாவது என் முகம் இருக்குமா, சொல்லு. இருந்தா, தவுல்காரர் தோளுக்குப் பின்னால பாதி முகம் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெற்றோரின் கலியாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். மேளக்காரர்கள் ஒரே ஒரு படத்தில் இருந்தார்கள். அதுவும் முக்காலும் தூண் மறைத்தது.

எங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது. ஏவி. மெய்யப்ப செட்டியார் 1946-இல் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்தினார் என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் பெருமையுடன் சொல்வார்கள். யுத்தம் முடிந்த சமயத்தில் சென்னையில் மின்சாரம் கிடைப்பது கடினமாக இருந்ததால் சொந்த ஊருக்கு வந்தாராம். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' இங்கேதான் உருவாயிற்று. டி. கே. பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாட, சிறுமியாயிருந்த குமாரி கமலா ஆடினார். ஒருவர் குரல், இன்னொருவர் கால்! 1948-இல் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது.

அந்த ஸ்டுடியோவுக்கு என் பூட்டனார் சாக்கோட்டையிலிருந்து மாட்டு வண்டியில் கீற்றும் மூங்கிலும் ஏற்றிக்கொண்டு போனார் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. படப்பிடிப்பு நடக்கும்போது ஓரமாக நின்று பார்த்திருக்கிறாராம். அப்பத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் என் சித்தப்பா, "ஆமா, ஹீரோவா நடிச்சதே அவர்தான்!" என்று கேலி செய்வார். அப்பத்தா பேசாமல் எழுந்து போய்விடுவார். காட்டுவதற்கு ஒரு படம் இல்லையே! யாராவது அன்றைக்குத் தளத்தைப் பார்த்தபடி ஒரு படம் எடுத்திருந்தால், ஓர் ஓரத்தில் தலைப்பாகையுடன் அவர் நின்றிருக்கக்கூடும். அப்படி ஒரு படம் எங்கேனும் இருந்தாலும், அதன் கீழே அவர் பெயர் இருக்கப் போவதில்லை.

புகைப்படம் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்காது. அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அத்தகைய படங்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பழைய புகைப்படங்களாலும் பாட்டுப் புத்தகங்களாலும் விளம்பரங்களாலும்தான். பிலிம் நியூஸ் ஆனந்தன் என்பவர் இவற்றையெல்லாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். 2016-இல் மறைந்த அவரை நடமாடும் திரைக் களஞ்சியம் என்பார்கள். அவரைப் போன்ற ஒருவர் இல்லாதிருந்தால் எத்தனை பெயர்கள் மண்ணோடு போயிருக்கும்!

நம் பள்ளியில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' திரையிட்டபோது எல்லோரும் கைதட்டிப் பார்த்தோம் அல்லவா? 1965-இல் வந்த அந்தப் படத்தில், மடத்துத் தலைவி மலைகளை ஏறச் சொல்லிப் பாடுகிற இடத்தில் நம் சகோதரிகள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நடித்தவர் பெக்கி வுட். பாடிய குரலோ மார்ஜரி மெக்கே என்பவருடையது. இன்னொன்றும் சொல்கிறேன். நாயகி மடத்தை விட்டுப் புறப்பட்டுப் பாடிக்கொண்டு போகும் காட்சியில், பின்னால் தெருவில் நடந்து போகும் பெண்களில் ஒருவர், அந்தக் கதைக்கு உரிய உண்மையான மரியாவேதான்! தம் வாழ்க்கையைப் பற்றிய படத்திலேயே ஓரத்தில் ஒரு கணம் வந்து போகிறார். அடுத்த முறை திரையிடும்போது ஜூலி ஆண்ட்ரூஸை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள்.

ரசிகர்களிடம் நான் கேட்பதும் இதுதான். அந்தப் படங்களை ரசியுங்கள், நண்பர்களுக்கு அனுப்புங்கள். ஆனால் ஒரு படத்தில் எட்டுப் பேர் நிற்க, இருவர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். பிரதிபலிப்புப் பலகை பிடித்தவர், ஒப்பனை செய்தவர், நடனம் சொல்லிக் கொடுத்தவர், நாதஸ்வரம் வாசித்தவர் யார் யார் என்று தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். 1968-இல் இருபது வயதில் விளக்குத் தூக்கியவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. கேட்பதானால் இப்போதே கேட்க வேண்டும்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? இம்மலரில் ஆண்டு விழா நாடகப் படம் வரப் போகிறது. வழக்கமாக அதன் கீழே ராஜா, ராணி, மந்திரி வேடமிட்டவர்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும். இம்முறை திரைக் கயிற்றை இழுத்தவர்கள், வசனம் எடுத்துக் கொடுத்தவள், மின்சாரம் போனபோது பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போய் அவசர விளக்கு வாங்கி வந்தவர்கள் ஆகியோரின் பெயர்களையும் போட வேண்டும் என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டேன். மொத்தம் பதினேழு பேர். இடம் போதாது என்றார்கள். என் கட்டுரையில் பத்து வரியை வெட்டிக்கொள்ளும்படி சகோதரியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.