தலையெழுத்தா? பலகை எழுத்தா?

சர்வகலாசாலைகளிலும் கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஆண்டுதோறும் எத்தனையோ உதவிகளும் வாய்ப்புகளும் அறிவிக்கப்பட்டு வருகின்றன. உபகாரச் சம்பளம் என்றும், ஆராய்ச்சிச் சம்பளம் என்றும், வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் என்றும், கோடை விடுமுறையில் பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் வேலை பழகுவது என்றும் இவை பலவகைப்படும். ஆனால் இவை யாரை உத்தேசித்து ஏற்பட்டனவோ அவர்களுக்குப் போய்ச் சேருகின்றனவா என்று கவலைப்படுகிறவர்கள் வெகு சிலரே யாவார்கள். ஆதலால் இவ்வாரம் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகின்றோம்.

சென்ற ஆண்டு ஒரு கிராமத்துத் தோழர் தமது மகனை அழைத்துக் கொண்டு நம்மிடம் வந்தார். பையன் ஒரு கல்லூரியில் பௌதிகம் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். அவர்கள் குடும்பத்திலேயே கல்லூரி வாசற்படி மிதித்த முதல் ஆள் அவன்தான். உபகாரச் சம்பளத்திற்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள் கழிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டதென்றும், ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டார். முன்னமே ஏன் போடவில்லை என்று பையனைக் கேட்டோம். ஆபீஸ் அறைக்கு அடுத்த தாழ்வாரத்தில் ஒரு பலகை இருக்கிறதாம். அதில் இங்கிலீஷில் ஒரு காகிதம் ஒட்டினார்களாம். இரண்டு நாளில் அதன் மேலேயே பரீட்சைக் கட்டணக் காகிதத்தை ஒட்டிவிட்டார்களாம். வகுப்பில் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லையாம். தகப்பனார் பெருமூச்சு விட்டு, “எல்லாம் இவன் தலையெழுத்துங்க” என்றார்.

“ஐயா, அந்த எழுத்து இவன் தலையில் இல்லை, பலகையில்தான் இருந்தது. எழுதினவன் பிரம்மாவும் அல்ல, கல்லூரிக் குமாஸ்தா. அதையும் உங்களுக்குத் தெரியாத பாஷையில் எழுதி, மேலே இன்னொன்றை ஒட்டி மறைத்தும் விட்டார்” என்றோம். அவர் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. அந்த ஆண்டுப் பணம் போனது போனதுதான். இப்போது அவன் மாலை வேளைகளில் ஒரு துணிக்கடையில் நின்று கொண்டிருக்கிறான்.

படித்த குடும்பத்துப் பிள்ளையின் சங்கதியோ வேறு. மாமா ஒரு புரொபசர். சித்தப்பா டில்லியில் உத்தியோகஸ்தர். அத்தை மகள் அமெரிக்காவில். அவன் எந்தப் பலகையையும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே சாப்பாட்டு வேளையில் வீட்டில் பேச்சு வந்துவிடும். யாரிடம் சிபார்சுக் கடிதம் வாங்குவது, விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதுவது என்பதெல்லாம் அவனுக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டப்படுகிறது. அவன் வாங்கி விட்டால் அதற்குப் பெயர் திறமை. நமது துணிக்கடைப் பையன் வாங்காவிட்டால் அவனுக்குப் பெயர் தகுதியற்றவன். இந்தத் திறமையை அளந்த தராசு எது என்று கேட்கின்றோம்.

நிற்க, சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டது 1857இல். அதில் நம்மவர்கள் நுழையவே பல தலைமுறை போராட வேண்டியிருந்தது. வகுப்புவாரி உத்தரவு 1921இல் பிறந்து, 1928இல்தான் சரியானபடி நடைமுறைக்கு வந்தது. 1951இல் அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல, நாடு கொதித்தெழுந்ததன் பேரில் அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டது. அதன் பின் வந்தவை அநேகம். 2010இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை. 2020இல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம். 2021இல் அதுவே இஞ்சினீயரிங், விவசாயம், சட்டம் முதலியவற்றிற்கும். 2021-22ஆம் ஆண்டுக் கணக்குப்படி 18 முதல் 23 வயதுக்குட்பட்டவர்களில் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47, இந்தியா முழுமைக்கும் 28 சொச்சமே.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் ஏற்பட்ட உதவி, ஏழைப் பெண்களின் கலியாணச் செலவுக்கானது. 2011இல் அதோடு தாலிக்கு நாலு கிராம் தங்கமும், 2016இல் எட்டு கிராமும் ஆயிற்று. பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்கப் பாடுபட்ட அம்மையாரின் பெயரில் தாலிக்குத் தங்கம்! அது 2022இல் மாற்றப்பட்டு, சர்க்கார் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆனது. 2024இல் ஆண் பிள்ளைகளுக்கும் அவ்வாறே ஏற்பட்டது. தங்கம் புத்தகமாக மாறியது நமக்கு மெத்த சந்தோஷமே.

ஆனால் நுழைந்த பிறகு என்ன? கதவு திறந்திருக்கிறது, உள்ளே எந்த அறையில் என்ன இருக்கிறதென்று சொல்ல ஆள் இல்லை. உதாரணமாக, 2008இல் மத்திய சர்க்கார் இன்ஸ்பையர் என்றொரு திட்டம் தொடங்கிற்று. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் போர்டில் நூற்றுக்கு ஒருவராக முன்னணியில் தேறி, கல்லூரியில் இயற்கை விஞ்ஞானங்களைப் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை அதில் வைக்கப்பட்டது. இஞ்சினீயரிங்குக்கும் வைத்தியத்துக்கும் அது கிடையாது. அப்படியிருக்க, இஞ்சினீயரிங் கிடைக்கவில்லையே என்று அழுது கொண்டு சிற்றூர்க் கல்லூரியில் ரசாயனம் படிக்கும் கெட்டிக்காரப் பெண்ணுக்கு இதை யார் சொன்னார்கள்?

1913இல் பரோடா மன்னர் டாக்டர் அம்பேத்கருக்கு மாதம் பதினொன்றரை பவுன் கொடுத்து நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலைக்கு அனுப்பினார். அந்தச் சிறு தொகை என்ன காரியம் செய்தது என்பதை நாம் எழுதித் தெரிய வேண்டியதில்லை. 1916இல் அங்கே அவர் படித்த கட்டுரை இந்தியாவில் ஜாதி எப்படி உண்டாயிற்று என்பதைப் பற்றியது. இப்போது தாழ்த்தப்பட்டோருக்கு வெளிநாட்டுப் படிப்புதவி என்று மத்திய சர்க்காரே வைத்திருக்கிறது. அதில் 2022இல் ஒரு விதி புகுந்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், சரித்திரம், சமூகம் ஆகியவை பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை என்பதே அது. அப்படியானால் அம்பேத்கர் எடுத்துக் கொண்ட அந்த விஷயத்திற்கே பணம் கிடையாது. இவ்விதி பத்திரிகைகளில் வந்தும், இதைப் படித்த மாணவர்கள் எத்தனை பேர்? எதிர்த்துத் தீர்மானம் போட்ட கல்லூரிச் சங்கங்கள்தான் எத்தனை?

கல்லூரிகளில் செய்தி பரப்ப ஆளே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்க வகுப்பு வகுப்பாக ஆள் வந்து காசு கேட்கிறார்கள். அந்தச் சங்கதி தமிழில், தேதி நேரத்தோடு, ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் போய்ச் சேருகிறது. சரஸ்வதிக்கு வைக்கும் சுண்டலுக்கு உள்ள வேகம் சரஸ்வதி கொடுக்காத உபகாரச் சம்பளத்துக்கு இருக்கக் கூடாதா? அதே ஆசிரியர், அதே வகுப்பில், பாடம் தொடங்குமுன் இரண்டு நிமிஷம் தமிழில் படித்துச் சொன்னால் என்ன குடி முழுகிப் போகும்?

கல்லூரியையே நம்பிக் கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. அநேக ஊர்களில் நமது தோழர்களின் படிப்பகங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு கரும்பலகை வைத்து, எந்த உதவி, யாருக்கு, எந்தத் தேதிக்குள், என்னென்ன சான்று வேண்டும் என்ற நாலு விஷயத்தை மட்டும் தமிழில் எழுதி வையுங்கள். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைக் கடைசி நாளில் வாங்கப் போனால், கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்ற பதில்தான் கிடைக்கும். ஆகையால் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே வாங்கிவிடச் சொல்லுங்கள். பாங்குக் கணக்கில் ஆதார் எண் சேராமல் பணம் திரும்பிப் போனவர்களும் உண்டு. அதையும் பார்த்துக் கொள்ளச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் படிப்பகத்துக்கு வரக் கூச்சப்படுவார்கள் என்றால் அவர்கள் வீட்டுக்கே போய்த் தாயாரிடம் சொல்லுங்கள். தகப்பனார் மறந்தாலும் தாயார் மறக்க மாட்டார்.

படிப்பகம் இல்லாத ஊரில் டீக்கடைச் சுவர் இருக்கிறது. சினிமா நோட்டீசுக்குப் பக்கத்திலேயே ஒட்டலாம். அதன் மேல் வேறொன்றை ஒட்டாமல் கடைசித் தேதி வரையில் பார்த்துக் கொள்ள மட்டும் ஒரு தோழர் பொறுப்பேற்க வேண்டும்.