தாத்தா செய்தார் என்பதற்காக நாமும் தோட்டாவில் மருந்து நிரப்ப வேண்டுமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அமெரிக்கர் ஒருவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து நிரப்புகிறார். "நம்ம தாத்தாக்கள் மலையில செஞ்சதுதானே? காட்டுப்பன்றிக்கு நாமளும் செஞ்சா என்ன தப்பு?" என்று கீழே நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த மனிதரின் மேசையைப் பாருங்கள். கிரெய்ன் கணக்கில் நிறுக்கும் தராசு இருக்கிறது. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 0.065 கிராம். எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று மருந்துக் கம்பெனி சோதித்து அச்சிட்ட புத்தகம் இருக்கிறது. குறைந்த அளவில் தொடங்கி, சுட்டுப் பார்த்து, வெற்றுக் கூட்டைச் சோதித்து, பிறகுதான் கொஞ்சம் கூட்டுகிறார். 9 எம்.எம். தோட்டாவுக்கு அரை கிராம் மருந்துகூட வேண்டாம். கூட்டில் இடம் மிஞ்சுவதால் கவனம் தப்பினால் இரண்டு முறை நிரப்பிவிடலாம். குண்டு சற்று ஆழமாக இறங்கினாலே அழுத்தம் எகிறும். அந்தத் தோட்டாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 35,000 பி.எஸ்.ஐ. உங்கள் கார் டயரில் இருப்பது 32. இத்தனை கவனத்துக்குப் பிறகும் அங்கே துப்பாக்கி கையிலேயே வெடிப்பதுண்டு.

இங்கே என்ன இருக்கிறது? குழாயை வெட்டிச் செய்த நாட்டுத் துப்பாக்கி. வாய்வழியாகக் கரிமருந்து, அதன்மேல் பால்ரஸ். அளவு உள்ளங்கைக் கணக்கு. கரிமருந்துக்குப் பதில் வேறு மருந்தைப் போட்டால் அதே அளவில் குழாய் பிளந்துவிடும். பிளந்தால் போவது பன்றியின் உயிரல்ல, பிடித்தவனின் விரலும் கண்ணும். அவன் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டான். தாத்தா தப்பித்தார் என்றால் அது அதிர்ஷ்டம். அதைத் திறமை என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இதே மருந்தின் தம்பிதான் அவுட்டுக்காய். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை, வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே செத்தது. அடுத்த மாதமே திருச்சி மாவட்டம் அலகரையில், மீன் பிடிக்க வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். வீட்டில் வெடிமருந்து இருந்தால் பிள்ளை கைக்கு எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, தோட்டா செய்வதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஒரு பூண்டுப் பாத்தியைக் காப்பாற்ற ஏழு வருடம் சிறையா?

பயிர் அழிவதை நான் மறுக்கவில்லை. பூம்பாறையில் பூண்டும், மன்னவனூரில் உருளையும், தாண்டிக்குடியில் வாழையும் ஒரே ராத்திரியில் போவது எனக்கும் தெரியும். காட்டுமாடு வந்தால் வேலியும் மிஞ்சாது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது என்ன? காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பன்றி வந்தால் வனத்துறையே சுடும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. நம் மேல்மலையில் காட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி எத்தனை தோட்டம் இருக்கிறது? கோபப்பட வேண்டிய இடம் இதுதான். நம் மலைக்கு ஏற்ற விதி வேண்டும், இழப்பீடு அதே பருவத்தில் கைக்கு வர வேண்டும், சூரிய மின்வேலிக்கு மானியம் வேண்டும் என்று கேளுங்கள்.

விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்து போங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன், கூடவும் வருகிறேன். அந்த வீடியோவை மட்டும் இன்றைக்கே குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.