துறைமுகம் ஆழமானால் போதுமா?

தூத்துக்குடித் துறைமுகத்தில் 2024 செப்டம்பர் 16 அன்று புதிய சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளித் துறைமுகத்துக்கும் அடிக்கல் நாட்டியாயிற்று. பெரிய கப்பல் நேரே வந்து நின்றால், நம் சரக்கைச் சிறு கப்பலில் கொழும்புக்கு அனுப்பி அங்கே மறுபடி பெரிய கப்பலுக்கு மாற்றும் இரட்டைச் செலவு குறையும். இதை நாம் வரவேற்கிறோம். சுதேசிக் கப்பல் ஓட்டிய வ.உ.சி.யின் பெயரைத் தாங்கிய துறைமுகம் கொழும்பின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. (1908-ல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தியவரும் அவரே. இதைத் திறப்பு விழாக்களில் யாரும் பேசுவதில்லை.)

வர்த்தக ஒப்பந்தங்களோ ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஐக்கிய அரபு எமிரேட்டுகளோடு செய்தது 2022 மே 1 முதல் அமலாயிற்று. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தாயிற்று. கப்பலுக்கு இடம் தயாராகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் உழைப்பாளிக்கு என்ன தயாராகிறது?

மலைத் தோட்டத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி ஏலக்காயும் மிளகும் பறிக்கும் நம் பெண்களைக் கேளுங்கள். இலங்கையோடு செய்த ஒப்பந்தம் 2000 மார்ச்சில் அமலானது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியில்லாமல் வரலாம். பிறகு நடந்தது என்ன? வியட்நாம் மிளகு இலங்கைச் சரக்கு என்ற சீட்டோடு இறங்குகிறது என்று விவசாயிகள் கூக்குரலிட்டார்கள். விலை சரிந்தது. 2017 டிசம்பரில்தான் சர்க்கார் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது. சரக்கு விளைந்த நாட்டுக்கான ஆதாரத்தை இறக்குமதி செய்பவரே வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2020 செப்டம்பரில் வந்தது. விதி காகிதத்தில் இருந்தால் போதாது. மூட்டையைப் பிரித்துப் பார்க்கத் துறைமுகத்தில் ஆளும் பரிசோதனைச் சாலையும் வேண்டும். விலை சரிந்தால் முதலில் குறைவது தோட்டத்தில் வேலை நாள்தான்.

வாழையின் கதை வேறு. நம் பள்ளத்தாக்கின் பச்சை வாழை வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. பெட்டகத்துக்குள் 13, 14 டிகிரி குளிர் நிற்க வேண்டும். துறைமுகத்தில் மின்சார இணைப்பு கிடைக்காமல் பெட்டகம் கிடந்தால் பழம் வழியிலேயே பழுத்துவிடும். அந்த நஷ்டத்தை வியாபாரி தன் கைப்பணத்தில் தாங்குவாரா? தோட்ட விலையில் கழிப்பார். தோட்டக்காரர் தார் வெட்டும் ஆளின் கூலியில் கை வைப்பார்.

பஞ்சாலைத் தொழிலாளியும் இதிலிருந்து தப்பவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகள்மீது 50 சதவிகிதம் வரை வரி போட்டது. நமது சர்க்கார் பருத்தி இறக்குமதி மீதிருந்த 11 சதவிகித வரியை ஆகஸ்ட் 19 முதல் நீக்கி, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. பஞ்சு மலிவாகக் கிடைத்தால் ஆலைக்கு லாபம். அந்த லாபத்தில் கூலிக்கு எத்தனை பைசா சேர்ந்தது என்று எந்த முதலாளியாவது கணக்குக் காட்டுவாரா? பருத்தி விவசாயிக்கோ இந்த அறிவிப்பு விதைத்து முடித்த பிறகு வந்தது.

ஆகவே நாம் கோருவது இதுதான். மிளகு, ஏலம் இறங்கும் துறைமுகங்களில் விளைந்த நாட்டைச் சோதிக்கப் போதிய சுங்க ஊழியர்களை நிரந்தரமாக நியமிக்க வேண்டும். தூத்துக்குடியில் குளிர்ப் பெட்டகங்களுக்கான மின் இணைப்புகளைப் பெருக்க வேண்டும். போடி வரை 2023 ஜூனில் அகல ரயில் பாதை வந்துவிட்டது. அதில் வாழையும் திராட்சையும் ஏற்றக் குளிர் வாகன்கள் விட வேண்டும். ஒப்பந்தம் பேசும்போது தோட்ட, பஞ்சாலை, துறைமுகத் தொழிற்சங்கங்களையும் அழைத்துக் கேட்க வேண்டும். பருத்தி வரியில் மாற்றம் இருந்தால் அதை விதைப்புக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.